18 பின், 24 பின்

மூன்று நிமிடக் காணொளி ஒன்றை ரெண்டர் செய்யக் கொடுத்துவிட்டு டீ போட எழுந்து போனேன். திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவர்வரை வந்துவிட்ட மின்சாரம் மேசைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் போய்ச் சேரவில்லை. பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அரைச் சுற்று.

அந்தப் பெட்டி ஒரு வொர்க்ஸ்டேஷன். கட்டட வரைபடம், இயந்திர வடிவமைப்பு, பட எடிட்டிங் என்று நாள் முழுக்க ஓயாத வேலைக்காகச் செய்யப்படும் கணினி வகை. உள்ளே இருந்தது 2012-இல் வெளிவந்த இன்டெல் ஸியான் ஈ5-1620 பிராசஸர். 4 கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ். நினைவகத்தில் ஒரு பிட் தவறினால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் ஈ.சி.சி. ரேம். படம் காட்ட என்விடியா குவாட்ரோ 2000 கார்டு. அலுவலகங்கள் கழித்துவிடும் இத்தகைய பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து சேரும். நானும் அங்கேதான் வாங்கினேன்.

பழுது பார்க்க வந்தவர் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பழசாயிடுச்சு சார். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசு வாங்கிடலாம்" என்றார். அக்கறையோடு சொன்ன பேச்சுதான். ஆனால் அந்த ஒரு சொல் என்னை யோசிக்க வைத்தது. பழசாகிவிட்டது என்றால், எது? ஒரு கணினிக்குள் இருக்கும் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்திலா முதுமை அடைகின்றன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், மின்சாரம் எப்படிக் கணினிக்கு உணவாகிறது என்பதும், ஒரு இயந்திரத்தின் ஆயுளை உண்மையில் எது தீர்மானிக்கிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

குடமும் டம்ளரும்

முதலில் செத்துப்போன பாகமான பவர் சப்ளையைப் பார்ப்போம். நம் கடைகளில் இதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்றுதான் பெயர். அதன் வேலை, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை, சிப்புகளுக்கு ஏற்ற 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது.

இதையே பழைய முறையில் செய்தால் ஒரு செங்கல் கனத்தில் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். காரணம் எளிது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. 300 வாட் வேண்டுமென்றால், ஒவ்வொரு ஊசலிலும் 6 ஜூல் ஆற்றலை டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்தியாக வேண்டும். கிணற்றில் கொஞ்ச முறைதான் இறைக்கலாம் என்றால் பெரிய குடம் வேண்டும். கை எத்தனை வேகமாகவும் போய்வரலாம் என்றால் டம்ளரே போதும். எஸ்.எம்.பி.எஸ். செய்வது இதைத்தான். சுவர் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. அப்போது அதன் அளவு சுமார் 325 வோல்ட்வரை ஏறும். பிறகு டிரான்சிஸ்டர்கள் அதை நொடிக்கு ஒரு லட்சம் முறை என்ற அளவில் வெட்டி வெட்டி விடுகின்றன. இப்போது ஒரு வெட்டுக்குக் கடத்த வேண்டியது 0.003 ஜூல் மட்டுமே. செங்கல் அளவு டிரான்ஸ்ஃபார்மர் தீப்பெட்டிகள் இரண்டு மூன்றை அடுக்கிய அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

1977-இல் வந்த ஆப்பிள் டூ கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த பவர் சப்ளை இந்த முறையில் அமைந்தது. கனமில்லாமல், அதிகம் சூடாகாமல், வீட்டு மேசையில் வைக்கும் பெட்டிக்குள் அது அடங்கியது. 1981-இல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது அதன் பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே. இன்று பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றே அதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

வெட்டி வெட்டி வரும் மின்சாரத்தைச் சமனாக்கித் தருபவை கெப்பாசிட்டர்கள். உருளை வடிவத்தில், உள்ளே ஈரமான மின்பகுதிரவத்தோடு இருப்பவை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஆயுள் பெரும்பாலும் இவற்றின் ஆயுள்தான். வெப்பத்தில் திரவம் மெல்ல மெல்ல வற்றும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. தூசி அடைத்த விசிறி ஒரு கணினியை எப்படிக் கொல்கிறது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

என் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காற்றோட்டத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். வரிசையாக நின்ற கெப்பாசிட்டர்களில் ஒன்றின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, பூரிபோல உப்பியிருந்தது. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவில்லை. யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட்டின் மிச்சம் உள்ளே தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லக்கூடிய அளவு.

சாம்பல் வயர் சொல்லும் செய்தி

புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டிவிடலாம் என்று பழையதைக் கழற்றினேன். மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரைக் கையில் எடுத்து எண்ணினேன். 18 பின். கடைகளில் கிடைக்கும் எதிலும் இருப்பது 24 பின்.

இந்த 24-க்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற தர அளவை வெளியிட்டது. மதர்போர்டில் எங்கே துளை இருக்க வேண்டும், எஸ்.எம்.பி.எஸ். எந்த அளவில் இருக்க வேண்டும், எந்தப் பின்னில் எந்த வோல்ட் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் அது வரையறுத்தது. அப்போது பெரிய கனெக்டருக்கு 20 பின். 2003 வாக்கில் அது 24 ஆனது. வயர்களின் நிறங்கள்கூட ஒரு மொழியாக நிலைத்தன. மஞ்சள் 12 வோல்ட். சிவப்பு 5. ஆரஞ்சு 3.3. கறுப்பு தரை. ஊதா, கணினி அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கும் 5 வோல்ட். முகப்புப் பொத்தானை அழுத்தும்போது மதர்போர்டு பச்சை வயரைத் தரையோடு இணைக்கிறது. அதுவே 'எழுந்திரு' என்ற கட்டளை.

எனக்கு மிகவும் பிடித்தது சாம்பல் வயர். எழுப்பப்பட்டவுடன் எஸ்.எம்.பி.எஸ். தன் வோல்டேஜ்கள் எல்லாம் நிலைப்படும்வரை காத்திருக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் அரை நொடிவரை ஆகலாம். எல்லாம் சரியான அளவுக்கு வந்த பிறகே சாம்பல் வயரில் 5 வோல்ட்டை ஏற்றி, 'நான் தயார்' என்று சொல்கிறது. அந்தச் செய்தி வரும்வரை பிராசஸர் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒரு கெப்பாசிட்டர் உப்பினால் வோல்டேஜ் நிலைப்படாது. சாம்பல் வயர் மௌனமாகவே இருக்கும். பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும். என் பெட்டியின் விசிறி அரைச் சுற்றோடு நின்றதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் வொர்க்ஸ்டேஷன் செய்யும் நிறுவனங்கள் பல சமயம் இந்தப் பொது மொழியை விட்டு விலகித் தங்களுக்கென்று ஒரு மொழி வைத்துக்கொள்கின்றன. பெட்டிக்குள் இடம், காற்றோட்டம், தங்கள் மதர்போர்டின் தேவை என்று அவர்களுக்குக் காரணங்கள் உண்டு. பத்தாண்டு கழித்து அந்தப் பெட்டியை வைத்திருப்பவருக்குத்தான் அதன் விலை தெரியும். பின்களின் எண்ணிக்கை மாறினாலாவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1990களின் இறுதியில் டெல் கணினிகள் சிலவற்றில், வெளிப்பார்வைக்கு ஏ.டி.எக்ஸ். போலவே இருந்த கனெக்டரில் உள்ளே வயர்களின் வரிசை வேறாக இருந்தது. சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதில் மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். சுவிட்சைப் போட்டால் மதர்போர்டு கருகிவிடக்கூடும். தவறான சாவி பூட்டுக்குள் நுழையாது என்றுதான் நாம் நம்பியிருக்கிறோம். அங்கே தவறான சாவியும் நுழைந்தது.

24 பின்னை 18 பின்னாக மாற்றும் இடைவயர் ரிச்சி தெருவில் கிடைத்தது. மதர்போர்டில் மாட்டுவதற்கு முன், உற்பத்தியாளரின் பராமரிப்புக் கையேட்டில் இருந்த பின் அட்டவணையை மேசையில் விரித்துக்கொண்டேன். புது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்து அதைத் தனியாக ஓடவிட்டேன். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரையில் வைத்து, சிவப்பு முனையால் இடைவயரின் 18 துளைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12.1. தர அளவு அனுமதிப்பது 5 சதவீத ஏற்ற இறக்கம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். பதினெட்டும் ஒத்துப்போன பிறகே மதர்போர்டைத் தொட்டேன். இருபது நிமிட வேலை. ஒரு மதர்போர்டின் உயிர் அந்த இருபது நிமிடத்தில் இருக்கிறது.

ஏன் 12 வோல்ட்?

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது மொத்த வாட். அதைவிட முக்கியமான கேள்வி, 12 வோல்ட் வரிசையில் எவ்வளவு தரும் என்பது.

பழைய சிப்புகள் 5 வோல்ட்டில் ஓடின; அதனால் பழைய பவர் சப்ளைகளின் பலமும் 5 வோல்ட் வரிசையில்தான் இருந்தது. இன்றைய பிராசஸர் ஓடுவது ஏறக்குறைய 1 வோல்ட்டில். அப்படியானால் 1 வோல்ட்டையே நேராக அனுப்பலாமே? 130 வாட் வேண்டும் என்றால் வயரில் 130 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டு ஏசி ஒன்று இழுப்பதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். வயரில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 240 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் 48 ஆம்பியர். 12 வோல்ட்டில் அனுப்பினால் 20 ஆம்பியர்தான். மின்னோட்டம் 2.4 மடங்கு குறைகிறது; அதே வயரில் இழப்போ 5.76 மடங்கு குறைகிறது. அதனால் 12 வோல்ட்டாகவே கொண்டுவந்து, பிராசஸரின் ஓரத்தில், சில சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து 1 வோல்ட்டாக இறக்குகிறார்கள். ஊருக்கு வெளியே உயரழுத்தக் கம்பியில் வரும் மின்சாரத்தைத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்குகிறோமே, அதே தத்துவம்.

என் கணக்கு இப்படி இருந்தது. பிராசஸர் 130 வாட். புதிதாகப் போடப்போகும் கிராபிக்ஸ் கார்டு 70. மதர்போர்டும் ரேமும் சுமார் 50. டிஸ்க், விசிறிகள் 30. மொத்தம் 280. 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். எடுத்தேன். முழு வேலையில் அது பாதிச் சுமையில் ஓடும். எஸ்.எம்.பி.எஸ்.கள் மிகக் குறைவாக ஆற்றலை வீணாக்குவது பெரும்பாலும் அந்த நடுச் சுமையில்தான். பெட்டியில் ஒட்டியிருக்கும் '80 ப்ளஸ்' முத்திரை 2004-இல் தொடங்கிய திட்டம். உள்ளே வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தையாவது வெளியே தர வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை.

புள்ளியும் கோடும்

மின்சாரம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய பிராசஸரை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று கேட்கலாம்.

1992-இல் இன்டெல்லின் 486 டிஎக்ஸ்2 சிப் 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 2002-இல் பென்டியம் 4, 3.06 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. பத்தாண்டில் 46 மடங்கு. அந்தக் காலத்தில் ஐந்து வருடக் கணினி என்பது உண்மையிலேயே பழையதுதான். 2012-இல் வந்த என் ஸியான் அதிகபட்சமாக 3.8 கிகாஹெர்ட்ஸ்வரை போகும். 2022-இல் வெளியான வேகமான மேசைக் கணினிச் சிப் 5.8. பத்தாண்டில் ஒன்றரை மடங்கு. ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்ட் 1974-இல் விளக்கிய விதி ஒன்று அதுவரை துணை நின்றது: டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க, அதற்கேற்ப மின்சாரத் தேவையும் சிறுக்கும். 2005 வாக்கில் அந்தத் துணை நின்றுபோனது. வோல்டேஜை அதற்கு மேல் குறைத்தால் டிரான்சிஸ்டரில் கசிவு அதிகமாகிறது. குறைக்காமல் வேகத்தைக் கூட்டினால் சிப் கொதிக்கிறது. புதிய சிப்புகள் ஒரு துடிப்பில் கூடுதல் வேலை செய்கின்றன, கோர்களும் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் பிராசஸர் இப்போது நிதானமாகவே முதுமை அடைகிறது.

கிராபிக்ஸ் கார்டின் கதை வேறு. வாசலில் சிக்குக் கோலம் போடுவதை நினைத்துப் பாருங்கள். புள்ளி வைக்கப் பத்துப் பேர் இறங்கலாம். ஒருவர் புள்ளிக்கு மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் புள்ளிகளைச் சுற்றி வளையும் கோட்டை ஒரே கைதான் இழுத்துச் செல்ல முடியும்; அடுத்த வளைவு எங்கே என்பதை இந்த வளைவுதான் சொல்கிறது. கோடு இழுக்கும் தேர்ந்த கை பிராசஸர். புள்ளி வைக்கும் கூட்டம் கிராபிக்ஸ் சிப். ஒரு சாதாரணத் திரையில் 1920-க்கு 1080 என்று 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை அத்தனைக்கும் நிறம் கணக்கிட்டால், 12 கோடியே 44 லட்சம் கணக்குகள். பெரும்பாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. கோடு இழுப்பதை வேகப்படுத்துவது கடினம். புள்ளி வைக்க ஆள் சேர்ப்பது எளிது. டிரான்சிஸ்டர் சிறுத்ததன் பலன் முழுவதும் ஆள் சேர்ப்பதற்குப் போனது.

என்னிடம் இருந்த குவாட்ரோ 2000, 2010-இன் இறுதியில் வந்தது. 192 கோர், 1 ஜி.பி. நினைவகம், 62 வாட், நொடிக்குச் சுமார் 48,000 கோடி கணக்கு. அதன் இடத்தில் நான் போட்ட ஆர்.டி.எக்ஸ். ஏ2000, 2021-இல் வந்தது. 3,328 கோர், 6 ஜி.பி., 70 வாட், நொடிக்குச் சுமார் 8 லட்சம் கோடி கணக்கு. மின்சாரம் கூடியது 8 வாட். வேகம் கூடியது 16 மடங்குக்கு மேல்.

புள்ளி வைக்கும் இந்தக் கூட்டம் படம் வரைவதோடு நிற்கவில்லை. 2012-இல் டொராண்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் படங்களை அடையாளம் காணும் நரம்பு வலைப்பின்னல் ஒன்றைப் பயிற்றுவித்தார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையின் தொடக்கமாகப் பலரும் சுட்டும் வேலை அது. அவர்கள் பயன்படுத்தியவை இரண்டு ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகள், ஒவ்வொன்றிலும் 3 ஜி.பி. விளையாட்டுப் பிரியர்கள் கடையில் வாங்கித் தங்கள் கணினியில் செருகிக்கொண்ட அதே வகைக் கார்டுகள். ஐந்தாறு நாளில் பயிற்சி முடிந்தது.

75 வாட் ஒப்பந்தம்

கார்டு போய் அமரும் நீளமான ஸ்லாட்டுக்குப் பெயர் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். அதன் முதல் வரையறை 2000களின் தொடக்கத்தில் வந்தது. 16 தடம் கொண்ட ஸ்லாட் ஒன்று ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரலாம் என்பது விதி. அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர்: 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150. பழைய வொர்க்ஸ்டேஷனுக்குக் கார்டு தேடுபவர்கள் 75 வாட்டுக்குள் அடங்குவதைத் தேடுவது இதனால்தான். தனி வயரே வேண்டாம். ஸ்லாட் கொடுப்பதே போதும்.

பெரிய கார்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அட்டையில் எழுதியிருக்கும் வாட் சராசரிதான். ஆயிரக்கணக்கான கோர்கள் ஒரே கணத்தில் விழித்துக்கொள்ளும்போது, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு, தேவை இரு மடங்குகூட எகிறும். பழைய எஸ்.எம்.பி.எஸ். அதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அணைந்துவிடும். 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 இத்தகைய எகிறலைத் தாங்க வேண்டும் என்றே விதித்தது.

ஏ2000 கார்டு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் நான்காம் தலைமுறை. என் மதர்போர்டு மூன்றாம் தலைமுறை. ஆனால் மின்சாரம் வந்தவுடன் இரண்டும் முதலில் பேசிக்கொள்கின்றன: உனக்கு எத்தனை தடம் தெரியும், எந்த வேகம் தெரியும்? இருவருக்கும் பொதுவான உச்ச வேகத்தில் உடன்பட்டு வேலையைத் தொடங்குகின்றன. மூன்றாம் தலைமுறையிலேயே 16 தடங்கள் நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜி.பி. கடத்தும், என் வேலைக்கு அது தாராளம். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய மதர்போர்டின் பயாஸ், அதாவது கணினியைத் துவக்கும் மென்பொருள், புது கார்டைப் புரிந்துகொள்ளாமல் திரையை இருட்டாகவே விடலாம். பழைய கார்டு உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்.

எது பழசாகிறது?

எல்லாப் பழைய பெட்டியையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரவும் பகலும் சும்மா விழித்திருக்கும் வேலைக்கு வொர்க்ஸ்டேஷன் ஏற்றதல்ல. புதிய சிறு கணினியைவிட 60 வாட் கூடுதலாக இழுத்தால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட் வீண். ஆனால் ஒரு கணினி தன் வாழ்நாளில் தின்னும் வளத்தில் பெரும்பங்கு, முதன்முறை சுவிட்ச் போடுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. திரையோடு சேர்ந்த ஒரு மேசைக் கணினியைச் செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள், 1,500 கிலோ தண்ணீர் வேண்டும் என்று ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு 2004-இல் கணக்கிட்டது. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்குப்பையை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்.

என் பெட்டியில் உண்மையில் தேய்ந்திருந்தது ஒரு கெப்பாசிட்டர். காலம் கடந்திருந்தது ஒரு கார்டு. பிராசஸர், ரேம், மதர்போர்டு, இரும்புக் கூடு எல்லாம் திடமாகவே இருந்தன. அவற்றைக் குப்பைக்கு அனுப்பும் அளவுக்கு வலிமை பெற்றிருந்தது எது? அந்த 18 பின் கனெக்டர். காப்பாற்றும் வலிமை பெற்றிருந்தது எது? எவரும் எதையும் செருகலாம் என்று 2000களின் தொடக்கத்தில் எழுதிவைத்த அந்த ஸ்லாட். ஒரு இயந்திரத்தின் ஆயுள் அதன் பலமான பாகத்தில் இல்லை, பாகங்கள் கைகோக்கும் இடத்தில் இருக்கிறது. கணினி வாங்கும்போது எத்தனை கோர், எத்தனை ஜி.பி. என்று கேட்கிறோம். மதர்போர்டு கனெக்டருக்கு எத்தனை பின் என்றும் கேட்க வேண்டும்.

உப்பிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மின்குப்பை சேகரிப்பு மையத்தில் கொடுத்தேன். குவாட்ரோ 2000-ஐத் தூசி தட்டி எடுத்து வைத்திருந்தேன். பாலிடெக்னிக் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் கணினியில் படம் வரவில்லை என்று வந்தான். அவன் மதர்போர்டு என் கார்டைவிடப் பல ஆண்டு இளையது. கார்டின் இரு முனைகளையும் பிடித்து ஸ்லாட்டில் நேராக வைத்து அழுத்தச் சொன்னேன். ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது. லினக்ஸ் திரை விரிந்தது.